தலைமையைத் தேடலாமா?

கல்லூரிகள் திறந்து இரண்டு திங்கள்கள் கழிந்துவிட்டால் வளாகங்களில் ஒரு புதுப் பரபரப்புத் தோன்றிவிடும். மரத்தடிகளில் கூட்டங்கள் கூடும். விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்குகள் எரியும். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்துக்கொண்டவர்கள் இன்று 'தலைவரே' என்று அழைத்துக்கொள்வர். மாணவர் பேரவைத் தேர்தல் நெருங்குகிறது என்பதற்கு இவையெல்லாம் அடையாளங்கள்.

இத்தகைய பருவம் ஒன்றில், நமக்கு நெருங்கிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம்மைத் தேடி வந்தார். இளங்கலை இறுதியாண்டு மாணவர், அமைதியானவர், நன்றாகப் படிப்பவர். பேரவைத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி நண்பர்கள் அவரை வற்புறுத்துகின்றனர். "படிக்கப் போன இடத்தில் பதவி எதற்கு?" என்கிறார் அத்தா. "நமக்கு ஏம்ப்பா இந்த வம்பெல்லாம்?" என்கிறார் நன்னி. ஆனால் அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது இவை இரண்டும் அல்ல.

"மாமா, பதவியைக் கேட்டு வாங்கக் கூடாது என்று நபிகள் நாயகம் சொல்லியிருப்பதாகப் போன வெள்ளிக்கிழமை பயானில் ஹஸரத் சொன்னார்கள். அப்படியானால் வேட்புமனுவில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? கையெழுத்துப் போட்டாலே கேட்டதாகத்தானே ஆகும்?" என்றார்.

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். இந்த ஐயம் அப்பிள்ளை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இன்றோ நாளையோ எழக்கூடியது. ஆகவே அன்று அவரோடு பேசியதையும், அவர் சென்ற பின் நாம் எண்ணிப் பார்த்ததையும் இங்கே எழுத முற்படுகிறோம்.

இரு வழிகாட்டுதல்கள்

அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) என்னும் தோழருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழங்கிய அறிவுரை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆட்சிப் பொறுப்பைக் கேட்டுப் பெறலாகாது; கேட்டுப் பெற்றவர் அதன் சுமையோடு தனித்து விடப்படுவார்; கேளாமலே வந்தடையப் பெற்றவருக்கு இறையுதவி துணை நிற்கும் என்பது அதன் கருத்து. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கொரு பொறுப்புத் தரும்படி வேண்டியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அன்போடு அவர் தோளைத் தட்டி மறுத்துவிட்டார்கள். அவர் அதற்கு வலுவற்றவர் என்றும், பொறுப்பு ஓர் அமானிதம் என்றும், தகுதியோடு ஏற்று அதன் கடமைகளை நிறைவேற்றியவரைத் தவிர ஏனையோர்க்கு அது மறுமையில் இழிவாகவும் வருத்தமாகவுமே முடியும் என்றும் எடுத்துரைத்தார்கள்.

அபூதர் (ரலி) அவர்களின் வாய்மையையும் பற்றற்ற வாழ்வையும் அறியாதவர் யார்? அத்தகையவருக்கே மறுப்புக் கிடைத்தது என்பதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. நல்லவராக இருப்பது வேறு, பொறுப்புக்கு உரியவராக இருப்பது வேறு. ஐவேளைத் தொழுகையை விடாத பிள்ளை என்பதற்காக மட்டும் ஒருவரைத் தலைமைக்கு உந்தித் தள்ளுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறை நம் முன் வைக்கிறது. அவர்கள் எகிப்து மன்னரிடம், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி தாமே கேட்டார்கள். தாம் பாதுகாக்க வல்லவர் என்பதையும் அறிந்தவர் என்பதையும் தம் வாயாலேயே கூறினார்கள். கேட்பது எக்காலத்தும் எவருக்கும் ஆகாது என்றால், இறைத்தூதர் ஒருவர் கேட்டிருப்பாரா?

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. யூசுஃப் (அலை) அவர்கள் கேட்ட வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், அதற்கு முன் நடந்தவற்றை வரிசையாக நோக்கினால் இது விளங்கும். ஏழாண்டு செழிப்பும் ஏழாண்டுப் பஞ்சமும் வரவிருப்பதையும், விளைந்ததைக் கதிரோடு சேமிக்க வேண்டிய முறையையும் அவர்கள் சொன்னது அரண்மனையில் அன்று, சிறைக்கூடத்தில். தம்மை விடுவித்தால்தான் சொல்வேன் என்று அவர்கள் விலை பேசவில்லை. விடுதலை தேடி வந்தபோதும் உடனே வெளியேறிவிடவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட்டுத் தூய்மை நிலைநாட்டப்பட வேண்டும் என்றார்கள். அது நிறைவேறிய பிறகே களஞ்சியப் பொறுப்பைக் கேட்டார்கள். முதலில் கூலியில்லாத உழைப்பு, அடுத்துக் களங்கமற்ற பெயர், கடைசியில்தான் பதவி. களஞ்சியத்தின் சாவியைக் கேட்பதற்கு முன்பே, களஞ்சியத்தை நிரப்பும் வழியை அவர்கள் மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நபிமொழி தடுப்பது பதவி வேட்கையை. யூசுஃப் (அலை) அவர்களிடம் இருந்ததோ பசித்திருக்கப்போகும் மக்களைப் பற்றிய கவலை. வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் 'கேட்டல்' என்ற ஒரே செயலாகத் தோன்றலாம்; நிய்யத்தில் இரண்டுக்கும் இடையே வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு உண்டு.

தேர்தலுக்கு முந்திய தேர்வு

ஆனால் நிய்யத்தை எப்படி அறிவது? தன்னுள் இருப்பது வேட்கையா கவலையா என்று இருபது வயதுப் பிள்ளை எங்ஙனம் கண்டுகொள்வார்? நாம் அறிந்தவரை அதற்கு இரண்டு கேள்விகள் போதும். பதவி வருவதற்கு முன்பு அந்த வேலையை நீ செய்துகொண்டிருந்தாயா? பதவி வராவிட்டாலும் அதைத் தொடர்ந்து செய்வாயா?

கல்லூரியில் வேலைக்கா பஞ்சம்! குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரிப் படியேறிய மாணவன் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் அலுவலக வாயிலில் நிற்கிறான். தமிழ் வழியில் படித்து வந்தவன், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமலும், புரியவில்லை என்று எழுந்து சொல்லக் கூசியும் கடைசி இருக்கையில் தலை கவிழ்ந்திருக்கிறான். விடுதியில் ஒருவனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. உணவுக் கட்டணம் கட்ட இயலாமல் ஒருவன் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறான். கேட்டால் பசியில்லை என்கிறான். இவர்களையெல்லாம் கண்ணால் கண்டு, அருகில் சென்று, கையைப் பிடித்தவர் எவரோ அவரே தலைவர். வாக்குப்பெட்டி அவரை உருவாக்குவதில்லை. முன்பே உருவாகிவிட்டவரை ஊரறியச் செய்கிறது.

இந்த இரண்டு கேள்விகளை அந்தப் பிள்ளையிடம் கேட்டோம். முதல் கேள்விக்கு அவர் நாணத்தோடு தலையசைத்தார். இரண்டாவது கேள்விக்கு உடனே விடை சொல்லவில்லை. "யோசிக்க வேண்டும், மாமா" என்றார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

அலிகர் காட்டிய பாடம்

மாணவர் தலைமை என்பது என்னவாக முடியக்கூடும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

சர் சையித் அகமது கான் அவர்கள் நிறுவிய அலிகர் கல்லூரியில் 1884ஆம் ஆண்டிலேயே மாணவர் மன்றம் தோன்றிவிட்டது. முதல் முதல்வர் சிடன்ஸ் என்பவரின் பெயரால் அது 'சிடன்ஸ் யூனியன்' எனப்பட்டது. அங்கே சொற்போர்கள் நடந்தன, தேர்தல்கள் நடந்தன. அந்த மன்றத்தின் துணைத்தலைவராக விளங்கிய மாணவர்களுள் ஒருவர்தாம் ஜாகிர் ஹுசைன். பேச்சில் வல்லவர், பரிசுகள் பெற்றவர், விரும்பியிருந்தால் அரசாங்க உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து வளமாக வாழ்ந்திருக்கக்கூடியவர்.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, அன்னிய அரசின் உதவியில் நடக்கும் கல்வி நிலையத்தைத் துறக்கும்படி மாணவர்களை அழைத்தனர். அப்போது ஜாகிர் ஹுசைனுக்கு வயது 23. முதுகலை படித்துக்கொண்டே கற்பிக்கும் பணியிலும் இருந்தார். அவரும் அவரோடு ஒரு கூட்டம் மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறினர். வெளியேறுவது எளிது, முழக்கமிட்டுக்கொண்டே வெளியேறிவிடலாம். வெளியேறியவர்கள் எங்கே படிப்பது? அந்தக் கேள்விக்கு விடையாக அதே மாதம் 29ஆம் நாள் 'ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா' பிறந்தது. ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹசன் அவர்கள் அதற்கு அடித்தளமிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டியது. 1922இல் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924இல் துருக்கியில் கிலாஃபத்தே ஒழிக்கப்பட்டது. ஆவேசம் அடங்கியது, அதனோடு பணவரவும் வற்றியது. ஜாமிஆவை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. 1925இல் அது அலிகரிலிருந்து தில்லிக்கு இடம் பெயர்ந்தது. அப்போது ஜெர்மனியில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த ஜாகிர் ஹுசைன், முனைவர் பட்டத்தோடு 1926இல் திரும்பி வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த அந்நிறுவனத்தின் துணைவேந்தர் பொறுப்பைத் தோளில் ஏற்றார். 1928இல் அவரும் தோழர்களும் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். இருபது ஆண்டுகள் ஜாமிஆவுக்கே உழைப்பது. மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை. 1948வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். மாணவர்கள் அழுக்கான காலணிகளோடு வருவதைக் கண்டு, சொல்லிப் பார்த்தும் பயனில்லாமற்போகவே, துரிகையும் மெருகுமாகத் தாமே வாயிலில் அமர்ந்து அவர்களின் காலணிகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார் என்று அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு.

பிற்காலத்தில் அவர் பீகார் ஆளுநரானார், குடியரசுத் துணைத்தலைவரானார், 1967இல் குடியரசுத் தலைவரும் ஆனார். பலர் அவரை அதற்காகவே நினைவுகூர்கின்றனர். நமக்கோ, மன்றத் துணைத்தலைவர் என்ற மாணவப் பதவிக்கும் குடியரசுத் தலைவர் என்ற நாட்டின் முதற் பதவிக்கும் நடுவே கிடக்கும் அந்த இருபதாண்டு காலமே பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு நாள் 'வெளியே வாருங்கள்' என்று சொன்னதற்கு அவர் இருபதாண்டுகள் வட்டியும் முதலுமாகக் கடன் அடைத்தார்.

நம் தமிழகத்தில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களும் அதே ஒத்துழையாமைக் காலத்தில் தம் கல்லூரித் தேர்வைத் துறந்தவர்களே. 1972இல் மறையும்வரை அவர்கள் எத்தனை எளிமையாக வாழ்ந்தார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இளமையில் ஒன்றைத் துறந்தவர் முதுமையில் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

முன்னே நிற்பவரும் பின்னே நிற்பவரும்

மாணவர் தலைமையை விளையாட்டு என்று எண்ணுவோர் 1965ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து அவ்வாண்டு ஜனவரியில் தமிழகத்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன், 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரையே 1285 வாக்குகளில் வென்றார். அதே போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். போராட்டம் ஒன்றுதான்; அது ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, ஒருவரைக் கல்லறைக்கு அனுப்பியது.

யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஓர் அழைப்பு விடுக்கப்படும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை என்பதைச் சுட்டவே எழுதுகிறோம். 'வகுப்புகளைப் புறக்கணிப்போம்' என்று மேடையில் சொல்லும் தலைவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். அந்தச் சொல்லை நம்பி வெளியே வந்து, வருகைப்பதிவு குறைந்து, தேர்வெழுத முடியாமல் ஓராண்டை இழக்கும் மாணவனின் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுடைய அத்தா வயலை அடகு வைத்து அனுப்பியிருப்பார். உம்மா காதணியைக் கழற்றிக் கொடுத்திருப்பார். நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நபிமொழியின் கருத்து. எத்தனை பேர் பின்னால் வந்தார்கள் என்று அங்கே கேட்கப்படாது. வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றே கேட்கப்படும்.

இதனால் போராடவே கூடாது என்று கொள்ளலாகாது. அநீதியைக் கண்டு வாய்மூடியிருப்பதும் பொறுப்பைக் கைவிடுவதே. அழைக்கும் முன்பு எண்ணிப் பார். அழைத்தபின் கடைசி மாணவன் பாதுகாப்பாக வீடு சேரும்வரை நீ வீடு திரும்பாதே. இதுவே நாம் சொல்ல விரும்புவது.

'நம்ம ஓட்டு'

பேச்சினிடையே அந்தப் பிள்ளை ஒரு தாளை எடுத்து நம்மிடம் நீட்டினார். நண்பர்கள் போட்டுக் கொடுத்த கணக்கு அது. எந்த விடுதியில் 'நம்ம ஓட்டு' எத்தனை, எந்தச் சாதி மாணவர்கள் யார் பக்கம், எவரை வளைத்தால் எத்தனை வாக்குகள் சேரும் என்றெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். கல்லூரிச் சுவருக்கு வெளியே நாட்டில் நடப்பதெல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கியிருந்தது.

"நம் பிள்ளைகளுக்கென்று பேச ஆள் வேண்டாமா?" என்று அவருடைய நண்பர்கள் கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். ஜுமுஆ நேரத்தில் தேர்வு வைக்கப்படுகிறது. நோன்புக் காலத்தில் ஸஹருக்கு உணவு கிடைப்பதில்லை. பெயரையோ தொப்பியையோ சொல்லி ஒருவன் கேலி செய்யப்படுகிறான். இவற்றை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை, கூச்சப்படவும் தேவையில்லை.

ஆனால் தன் கூட்டத்தை நேசிப்பது வேறு, அது தவறு செய்யும்போதும் துணை நிற்பது வேறு. இரண்டாவதுதான் 'அஸபிய்யத்' என்னும் இனவெறி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். திருமறையோ, நமக்கே எதிராக இருப்பினும், பெற்றோர் உறவினருக்கு எதிராக இருப்பினும் நீதியின் பக்கம் நின்று சான்று பகரும்படி கட்டளையிடுகிறது. பேரவைத் தலைவனான பிறகு, நம் பிள்ளைகளுள் ஒருவனே புதிய மாணவன் ஒருவனைப் பகடிவதை செய்து துன்புறுத்தினால், புகார்க் கடிதத்தில் முதல் கையெழுத்தை நீ இடுவாயா? இட முடியாதென்றால் நீ அவர்களுக்கும் தலைவனல்லன், அவர்களின் கைக்கருவி.

ஜுமுஆ நேரத்துக்காகப் பேசும் அதே குரலில், மலைக்கிராமத்திலிருந்து வந்த மாணவனின் சான்றிதழுக்காகவும், மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் செல்ல விடுப்புக் கேட்கும் மாணவனுக்காகவும் பேச வேண்டும். அப்போதுதான் நம் கோரிக்கை சலுகையாகத் தோன்றாது, நீதியாகத் தோன்றும். அந்தத் தாளை நாம் கிழிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தோம். அவரே அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கணக்கும் கண்டனமும்

உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு, லிங்டோ குழுவின் பரிந்துரைகளை மாணவர் தேர்தல்களில் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது. அரசியல் கட்சிகளின் பணத்தைத் தொடலாகாது. அச்சிட்ட சுவரொட்டிகள் கூடா. 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். போட்டியிடும் ஆண்டில் தேறாத பாடம் நிலுவையில் இருக்கலாகாது. இவை அப்பரிந்துரைகளுட் சில. "படிக்கப் போன இடத்தில் பதவி எதற்கு?" என்று கேட்கும் தந்தையருக்கு இவற்றில் ஓர் ஆறுதல் உண்டு. படிப்பை விட்டவர் நிற்கவே முடியாது.

எனினும் சட்டம் வாயிலில் நிற்கும் காவலர். உள்ளே நடப்பதை அவர் அறியார். நண்பர்களுக்கு ஒருவர் பிரியாணி விருந்து வைக்கிறார். 'கணக்கில் வராது' என்கிறார். வெளியிலிருந்து ஒருவர் வண்டிகளை அனுப்புகிறார், 'அன்பளிப்பு' என்கிறார். அந்த அன்பளிப்பு பின்னொரு நாள் வட்டியோடு திருப்பிக் கேட்கப்படும். ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, எல்லோருக்கும் ஒரு துணி கிடைத்திருக்கத் தங்களுக்கு மட்டும் இவ்வளவு நீண்ட ஆடை எப்படி வந்தது என்று சபையிலேயே கேட்கப்பட்ட நிகழ்ச்சியை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தம் பங்கையும் தந்தைக்கே கொடுத்ததாக மகனார் எழுந்து கூறிய பிறகே பேச்சுத் தொடர்ந்தது என்பர். நாம் பெருமை கொள்ள வேண்டியது உமரின் விடையை நினைத்து மட்டுமன்று. கேட்டவர் அச்சமின்றிக் கேட்டாரே, அதையும் நினைத்துத்தான். தன் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் ஒரு தோழனையாவது வைத்துக்கொள்ளாத மாணவர் தலைவன் விரைவில் வழி தவறுவான்.

பெரியவர்களுக்கு ஒரு சொல்

இளைஞர்களுக்கு இவ்வளவு அறிவுரை கூறிய நாம், நம்மைப் போன்ற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நம் கூட்டங்களில் 'சமுதாயத்துக்குத் தலைவர்கள் இல்லை' என்று அங்கலாய்க்கிறோம். வீட்டுக்கு வந்தால் 'வம்பு வேண்டாம்' என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறோம். ஒதுங்கத் தகாதவரெல்லாம் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் வெறுமையாகவா கிடக்கும்? வேட்கை கொண்டவர் வந்து அமர்ந்துகொள்வார். பதவியைக் கேட்காதே என்ற நபிமொழி ஆசைக்குக் கடிவாளம் இடவே வந்தது. நல்லவர்களை வீட்டுக்குள் பூட்டிவைக்க வந்ததன்று.

இளமையும் ஒரு தடையன்று. இருபது வயதை எட்டியும் எட்டாத உஸாமா (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) படைத்தலைவராக நியமித்தபோது சிலர் முணுமுணுத்தனர். அண்ணலார் அம்முணுமுணுப்பை ஏற்கவில்லை. அவர்களின் மறைவுக்குப் பின் அப்படையை வழியனுப்பச் சென்ற கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், உஸாமா குதிரைமேல் இருக்கத் தாம் நடந்தே சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு நிறுத்திக்கொள்ள அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். இளைஞருக்குப் பொறுப்பைக் கொடுத்தபின் அவருக்குரிய மதிப்பையும் கொடுப்பது எப்படி என்பதை முதியவர்கள் அங்கே கற்க வேண்டும்.

நம் பெண்மக்களும் இன்று கல்லூரிகளில் நிறைந்திருக்கின்றனர். அவர்களுள் தலைமைக்கு உரியவர் எழுந்தால் நாம் திகைக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் சோர்ந்து, பலியிட்டுத் தலைமுடி களைய எழாமல் அமர்ந்திருந்தபோது, என்ன செய்யலாம் என்று அண்ணலாருக்கு வழி சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நீங்களே முதலில் செய்யுங்கள் என்பதுதான் அந்த ஆலோசனையின் சாரம். அண்ணலார் (ஸல்) அவ்வாறே செய்தார்கள், எல்லோரும் எழுந்தனர். தலைமையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு யோசனையில் அடங்கியிருக்கிறது.

வேட்புமனுவைப் பற்றிய பிள்ளையின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. அந்த மனுவில் வேட்பாளரின் கையெழுத்து மட்டுமா இருக்கிறது? முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் என்று மற்றவர்களின் கையெழுத்தும் அங்கே உண்டு. உன் உழைப்பைக் கண்டவர்கள் தாமே முன்வந்து உன்னை முன்மொழிகிறார்கள் என்றால், உன் கையெழுத்து 'எனக்குத் தாருங்கள்' என்று கேட்பதாகாது. 'சுமக்க உடன்படுகிறேன்' என்று சொல்வதாகும். முன்மொழிய ஆள் தேடி நீயே அலைகிறாய் என்றால், பேனாவை மூடிவைத்துவிட்டு ஹஸரத்தின் பயானை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்.

இறுதியாக, இறங்கத் தெரியாதவர் ஏறலாகாது. காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நீக்கியபோது, வெற்றிமேல் வெற்றி கண்ட அவ்வீரர் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையின்கீழ் நின்று தொடர்ந்து போரிட்டார். பதவி போனது, பணி போகவில்லை. கல்லூரித் தலைமை ஓராண்டுக்கு உரியது. அதன் மறுநாள் காலை, மாலையும் முழக்கமும் இல்லாமல், மற்றவரோடு வரிசையில் நின்று உணவுத் தட்டை நீட்ட முடிகிறதா என்பதே அந்த ஓராண்டின் மதிப்பெண்.

அந்தப் பிள்ளை தேர்தலில் நின்றார்; தோற்றார். வித்தியாசம் அதிகமில்லை என்று பிறர் சொல்லக் கேட்டோம். நண்பர்கள் போட்டுக் கொடுத்த அந்தக் கணக்கின்படி நடந்திருந்தால் வென்றிருக்கலாம் என்றும் சொன்னார்கள். நமக்கு ஒரு குற்ற உணர்வு ஏற்பட்டது. நம் பேச்சு ஒரு நல்ல பிள்ளையைத் தோற்கடித்துவிட்டதோ என்று சில நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் சென்று அவர் மீண்டும் வந்தார். தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. விடுதியில் முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு வருமானச் சான்றிதழ் கிடைக்காமல் உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது. அந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் விவரம் சொல்லக்கூடியவர் யாரையாவது நமக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்த மாணவன் நம் சமுதாயத்தவன் அல்லன். தேர்தலில் இவருக்கு வாக்களித்தவனும் அல்லன். அதைக்கூட நாம் தூண்டிக் கேட்ட பிறகே சொன்னார்.

அன்று விடை சொல்லாமல் விட்டுப்போன இரண்டாவது கேள்விக்கு அவர் விடை கொண்டு வந்திருக்கிறார் என்று நாம் அறிந்துகொண்டோம். அப்படிப்பட்ட பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நம் குடும்பங்கள்தோறும் தந்தருள்வானாக. அவர்களைத் தடுத்து நிறுத்தாத பெற்றோராக நம்மையும் ஆக்கியருள்வானாக.